வலிக்காத காலுக்கு ஒரு நேர்ச்சை

கூப்பிட்டால் நாலு தெருவுக்குக் கேட்கும் என் அம்மைக்கு,

மூத்தவள் ஸ்டெல்லா எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. தேவையும் வரவில்லை, கல்யாணத்துக்குப் பிறகும் நான்தான் நம் வீட்டைவிட்டு எங்கும் போனதில்லையே. இப்போது எழுதுவதையும் ஊரறிய எழுதுகிறேன். அதற்காகக் கோபப்படாதே. தலையில் மீன் சருவத்தோடு இரணியல் வரைக்கும் போய்க் கூவி விற்றவள் நீ. உன் மகளுக்கு மட்டும் எங்கிருந்து மெதுவாகப் பேச வரும்?

இந்த வருடத் திருவிழாவில் நடந்ததை தங்கச்சி ஜெனி உன் கல்லறைக்கு வந்து அழுது சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் பொய் இருக்காது. ஆனால் அவள் கீழே உட்கார்ந்திருந்தாள், நான் மேலே மைக்குக்கு முன்னால் நின்றிருந்தேன். என் பக்கத்தையும் கொஞ்சம் கேள்.

முதலிலிருந்தே சொல்கிறேன். நீ ஒருநாளும் என்னை முழுதாகச் சொல்லவிட்டதில்லை. "சவத்த விடு மக்கா, பேசப் பேசத்தான் கூடும்" என்று வாயை அடைத்துவிடுவாய்.

தையலுக்கு லைனிங் துணி வாங்கிக்கொண்டு திங்கள்சந்தையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கால் ஊன்ற இடமில்லாத கூட்டம். திடீரென்று நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. மூச்சு பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை, விரல்கள் மரத்துப்போயின. இதோ சாகப்போகிறேன் என்று தெரிந்தது. நினைத்தேன் என்று எழுதவில்லை பார், தெரிந்தது. கண்டக்டரிடம் கெஞ்சி நடுவழியில் இறங்கி, யாரோ ஒருவருடைய மதிலோரம் உட்கார்ந்தேன். யாரோ சொல்லி அங்கே வந்துதான் நீ என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாய்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை, கேஸாக இருக்கும் என்றார்கள். நீ வீட்டுக்கு வந்து ஓமத் தண்ணீர் வைத்தாய். உன்னிடம் இதற்கு ஒரு சொல் இருந்தது, வெப்ராளம். கடலுக்குப் போன வள்ளம் வரப் பிந்தினாலும் வெப்ராளம், ஐஸ் வண்டி வராமல் மீன் கெட்டுப்போகுமோ என்றாலும் வெப்ராளம். ஆனால் உன் வெப்ராளத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அம்மை. என்னுடையது காரணமே கேட்காமல் வந்தது.

மறுபடி வந்துவிடுமோ என்று பயந்து பஸ்ஸை விட்டேன். பிறகு சந்தையை விட்டேன். பூசை நடுவில் வந்துவிட்டால் எப்படி வெளியே ஓடுவது என்று கோயிலையும் விட்டேன். அப்புறம் தெருமுனைக் கடை. ஒவ்வொன்றையும் விட்ட அன்று எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதிதான் என்னை ஏமாற்றியது. கடைசியில் எனக்கென்று மிஞ்சியது வாசல்படி வரைக்கும்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஜெனியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மூத்தவளைக் கோயிலில்கூடக் கண்டதில்லையே என்று கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை.

"அவளுக்குக் கால் நரம்பு இழுத்துட்டு கேட்டியளா. வலது காலு. பாவம், நடக்க மாட்டா."

மனசு சரியில்லாத பெண் இருக்கும் வீடு என்று பேர் வந்திருந்தால் ஜெனியின் கல்யாணம் அன்றே முறிந்திருக்கும். கால் என்றால் பரிதாபம். உனக்கு விலை பேசத் தெரியும், எதை எங்கே சொன்னால் விலைபோகும் என்று தெரியும். குவைத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "மாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவரும் முடித்துவிட்டார்.

அடுத்த நாள் நாகர்கோவிலில் இருந்து ஒரு ஊன்றுகோல் வாங்கி வந்தாய். அடியில் ரப்பர் வைத்த அலுமினியக் கம்பு. ஒரு தடவை மறந்துபோய் இடது காலை நொண்டிவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அடுப்படியிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏட்டி, வலது! வலதுன்னுல்லா ஊரு முழுக்கச் சொல்லியிருக்கேன்!" என்றாய். அன்று நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு சிரித்த அன்றைக்கும் என்னால் வாசல் தாண்ட முடியவில்லை.

ஊர் உன்னை நம்பியது. நம்பியதோடு விட்டார்களா? வர்ம வைத்தியர் ஒருவரை வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். அவர் மாதக்கணக்கில் தைலம் போட்டு, கிழி வைத்து, ஒன்றுமில்லாத காலைப் பிசைந்து எடுத்ததில் உண்மையிலேயே வலி வந்துவிட்டது. மாத முதல் வெள்ளி தோறும் பங்குச் சாமியார் நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கும் நம் அன்பியக் கூட்டம் வாரம் ஒரு வீடு என்றுதானே நடக்கும்? எனக்காக எல்லா வாரமும் நம் வீட்டிலேயே வைத்தார்கள். மீன், காய்கறி, தைக்க வேண்டிய துணி, எல்லாம் படியேறி வந்தன. இப்படி ஒரு பாசக்கார ஊர் இல்லாமல் இருந்திருந்தால், பசிக்காகவாவது ஒருநாள் வெளியே போயிருப்பேனோ?

நீ ஒரு காய்ச்சலில் போய்விட்டாய். உன் அடக்கத்துக்கு நான் எப்படி வந்தேன் தெரியுமா? நடக்க முடியாதவள் என்று என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, உன் பெட்டிக்குப் பின்னால் நாலு பேர் தூக்கி வந்தார்கள். வழி முழுக்கக் கண்ணை இறுக மூடியிருந்தேன். துக்கம் தாளாமல் மூடினேன் என்று எல்லாரும் அழுதார்கள். துக்கமும் இருந்தது அம்மை. ஆனால் மூடியது அதற்காக இல்லை.

நீ போன பிறகு வீடு இன்னும் சிறிதாகிவிட்டது. எனக்காகப் பதில் சொல்ல ஆள் இல்லை. அப்போதுதான் பக்கத்துத் தெரு ஷைனி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாளே, அவள் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தாள். அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே அயர்ன் பாக்ஸ் துணியைக் கருக்கும் மணம் வந்தது. நான் ஒரே ஓட்டமாக ஓடி அணைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்டெல்லாக்கா, வாசல் தாண்டினாத்தான் ஒங்களுக்கு நொண்டுமா?"

நான் அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "இது சீக்கு அக்கா. ஒங்களுக்கு மட்டும் வந்தது இல்ல. இதுக்கு டாக்டர் உண்டு, மருந்து உண்டு. நான் கூட வாறேன்" என்றாள். இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது, இது கிறுக்கு, வெளியே தெரிந்தால் கட்டிப்போடுவார்கள் என்று. சீக்கு என்ற சொல் அவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று யார் நினைத்தது?

கார் பிடித்துப் போனோம். சீட்டில் படுத்துக்கொண்டு, ஷைனியின் கையை நகம் பதிய அழுத்திக்கொண்டு போனேன். மனநல டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அகோராபோபியா என்று ஒரு பேர் சொன்னார். ஓடி ஒளிய முடியாத இடத்தில் மாட்டிக்கொள்வோம் என்கிற பயம் அது. மாத்திரை எழுதினார், அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். பிறகு ஒன்று சொன்னார், அதுதான் எனக்கு மருந்தைவிட மருந்து.

"பயம் ஏறும். ஒரு உயரத்துக்கு மேல அதால ஏற முடியாது. பெறகு தானா இறங்கும். அது இறங்குறதுக்கு முன்னாடியே நீங்க ஓடிடுறீங்க. அதனால இறங்கும்ங்கிறதே ஒங்களுக்குத் தெரியாமப் போச்சு."

ஓடாமல் நிற்கப் பழகவேண்டும், அவ்வளவுதான் சிகிச்சை. சொல்ல எவ்வளவு லேசு! தெருக்குழாய் வரை போய் நின்றேன். வியர்த்துக் கொட்டியது, நின்றேன். பிறகு கடை. பிறகு தெருமுனையில் சிலுவை நிற்கும் குருசடி. சில நாட்கள் பாதியில் ஓடி வந்து கட்டிலில் விழுந்து, என்னால் ஆகாது என்று ஷைனியிடம் கத்தினேன். "நாளைக்குப் போவலாம்" என்பாள் அவள். வேறொன்றும் சொல்லமாட்டாள்.

ஆனால் எங்கே போனாலும் நீ வாங்கித் தந்த கம்பு கையில் இருந்தது. நெஞ்சு படபடத்தால் கம்பில் சாய்ந்து நிற்கலாம், ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். டாக்டரம்மா அதைக் கண்டுகொண்டார். "காலுக்கு ஒண்ணுமில்லைன்னா கம்பு எதுக்கு? பயத்துக்கா? அதையும் வீட்டுல வச்சிட்டுப் போங்க" என்றார்.

என் நிலைமையைப் பார், அம்மை. கம்பைப் பிடித்தால் சீக்கு தீராது. விட்டால் உன் வார்த்தை பொய்யாகும். பல நாள் யோசித்துவிட்டு ஒரு காலையில் வெறுங்கையோடு குருசடி வரை நடந்தேன். கை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. கல்விளக்குப் பக்கத்தில் நின்று, பயம் ஏறி இறங்கக் காத்திருந்தேன். அதற்குள் யாரோ பார்த்துவிட்டார்கள்.

"ஏட்டி ஓடி வாங்க! ஸ்டெல்லா கம்பு இல்லாம நிக்கா!"

ஒரு நிமிஷத்தில் ஒரே பெகளம். பெண்கள் என்னைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி முழந்தாளிட்டு என் வலது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தோணியார் புதுமை செய்துவிட்டார் என்று ஒருவர் சொல்ல, அது தெருவெல்லாம் ஓடியது. எனக்கு மூச்சு முட்டியது. வாயைத் திறந்து மறுக்கக்கூட முடியாமல் நின்றேன்.

உன் குரல்தான் பெரிய குரலாயிற்றே. செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் நின்று, மகள் கால் சரியானால் வெள்ளிக்கால் செய்து போடுகிறேன் என்று நீ நேர்ந்தது ஊரில் எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது. சாமியாரும் திருவிழாக் கமிட்டியும் வீட்டுக்கு வந்தார்கள். ஒன்பதாம் நாள் திருவிழா அன்று மாலைப் பூசைக்குப் பிறகு சாட்சி சொல்லி, நேர்ச்சையைச் செலுத்தவேண்டும் என்றார்கள். ஜெனி அதற்குள் தட்டானிடம் சொல்லி வெள்ளிக்கால் செய்தே கொண்டுவந்துவிட்டாள்.

"அக்கா, ஒரு நன்றி சொல்லிட்டு இறங்கு, போதும். அம்மைக்க நேர்ச்ச தீரட்டும். பெறகு அந்த டாக்டர்ட்ட இனி போவாண்டாம். கால் சரியான பெறவும் அங்க போறத எங்க மாமி கண்டா என்ன நினைப்பாவ? மனசிலாச்சா?"

மனசிலாச்சு. நன்றாகவே மனசிலாச்சு. கால் என்று ஒரு தடவை மைக்கில் சொல்லிவிட்டால் சிகிச்சையை நிறுத்தவேண்டும். இன்னும் நான் தனியாகப் பஸ் ஏறவில்லை, சந்தைக்குப் போகவில்லை. அடுத்த தடவை நடுத்தெருவில் உறைந்து நின்றால் மறுபடி கால், மறுபடி கம்பு, மறுபடி வாசல்படி. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்த உலகம் மறுபடி என் கையை விட்டுப் போகும். உண்மையைச் சொன்னாலோ ஜெனியின் மாமியார் முன்னால் நீ பொய்க்காரி ஆவாய். நீ எனக்கு என்ன சொல்லியிருப்பாய்?

டாக்டரம்மாவைக் கேட்டேன். அவ்வளவு கூட்டத்தில் மைக் பிடிப்பது இப்போது வேண்டாம், அதற்கு இன்னும் நாளாகும் என்றார். ஆனால் திருவிழா எனக்காகத் தள்ளிப்போகுமா?

அன்று கோயில் முன்னால் மணலே தெரியாத கூட்டம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். சீரியல் பல்பு, பேண்டு, வெடி. நான் ஓரத்தில், ஓட வழி இருக்கும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் பேரைச் சொன்னார்கள். வெள்ளிக்கால் வைத்த தட்டை ஜெனி என் கையில் தந்தாள். எல்லாரும் என் நடையைப் பார்ப்பதற்காக நடுவில் வழி விட்டார்கள்.

மேடை ஏறி, தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன். "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்று மட்டும் சொன்னேன், வந்துவிட்டது. பஸ்ஸில் வந்த அதே பயம், அதே பலத்தோடு. காது அடைத்தது. முன்வரிசை முகங்கள் மங்கின. என் வலது கால் தானாக மடங்கப் பார்த்தது, அம்மை! அது கொஞ்சம் மடங்கினால் போதும். ஐயோ பாவம் என்று ஓடிவந்து, நாற்காலியில் வைத்து, வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எவ்வளவு சுலபம். ஒருவர் நாற்காலியோடு ஓடியும் வந்துவிட்டார்.

"வேண்டாம், நான் நின்னுக்குவேன்" என்றேன். மைக்கில் அது ஊர் முழுக்கக் கேட்டது.

பிறகு சொன்னேன். என்ன சொன்னேன் என்று கோர்வையாக எனக்கு நினைவில்லை. ஷைனி சொல்லித்தான் தெரியும்.

"எனக்குக் காலு ஒருநாளும் வலிச்சதில்ல. எனக்குப் பயம். வீட்டுக்கு வெளிய வந்தா செத்துருவேன்னு பயம். இப்பமும் வருது, பாருங்க கை நடுங்குது. மூச்சு கிட்டல. கொஞ்சம் பொறுங்க. இது இறங்கும்."

சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றேன். மைக்கின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால், ஒன்றுமே செய்யாமல் நின்றேன். ஒரு கைக்குழந்தை மட்டும் அழுதது. ஓடு, ஓடு என்று உடம்பு கத்தியது. அது ஏறி, நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை விரல்களுக்கு உணர்வு வந்தது.

"இறங்குது" என்றேன். "இதுக்கு மருந்து எடுக்கேன். டாக்டர்ட்ட போறேன். இனியும் போவேன்."

கைதட்டினார்கள் என்று எழுத ஆசைதான். தட்டவில்லை. சாமியார் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். படியிறங்கும்போது ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள், "அப்பம் அவ அம்மை அந்தோணியார்ட்டயே பொய்யா சொன்னா?" என்று. ஜெனி தன் மாமியாரோடு எழுந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. ஊரிடம் சொன்னாய், சரி, சம்பந்தியிடம் சொன்னாய், அதுவும் சரி. சாமி முன்னால் நின்றுமா? கூட்டம் கலைந்தபோது வெள்ளிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு சுரூபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வராத சீக்குக்கு நேர்ந்ததைப் போடலாமா, போட்டால் பாவமா, வீட்டுக்குக் கொண்டுபோனால் பாவமா? உன்மேல் கோபம் கோபமாக வந்தது.

அங்கே மெழுகுதிரி விற்கும் திரேசாக்கா, கடையை எடுத்துவைத்துக்கொண்டே பேசினாள்.

"என்னத்துக்கு மக்கா மொகத்தத் தூக்கி வச்சிட்டு இருக்க? போடு அத. ஒனக்குச் சீக்கு காலுல இல்லன்னு எனக்கு எப்பமே தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒனக்க அம்மை மொதல்ல சத்தமா, காலு காலுன்னு சொல்லுவா. பெறகு சுரூபத்துக்க கண்ணாடிக் கூட்டுல மொகத்த ஒட்டி வச்சிட்டுக் கொறச்ச சத்தத்துல சொல்லுவா. அவளுக்குக் கொறச்ச சத்தம்னா என்னான்னு ஒனக்குத் தெரியாதா? எனக்க கடை வரைக்கும் கேக்கும். 'ஓய், சீக்கு காலுல இல்லன்னு ஒமக்குத் தெரியும். நாலு பேரு நின்னு கேக்காவ, அதுக்காவத்தான் காலுன்னு சொல்லுதேன். நீரும் காலப் பாத்துட்டு இருந்துராதேயும். எனக்க புள்ளைக்க வெப்ராளத்த எடும். நான் இல்லாமப் போனா அவள ஆரு வெளிய கூட்டிட்டுப் போவா?'"

திரேசாக்கா மீதி மெழுகுதிரிகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள். "ஒவ்வொரு செவ்வாயும் இதத்தான் சொல்லுவா. நான் ஆருட்டயும் சொல்லல்ல" என்றாள்.

அம்மை, நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தபடி சத்தம் போட்டு அழுதேன். உன் அடக்கத்தன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன். பிறகு எழுந்து வெள்ளிக்காலைக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். உள்ளே அது விழும் சத்தம் கேட்டது.

ஜெனி இன்னும் பேசவில்லை. போன் அடித்தால் எடுக்கிறாள், "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். அவள் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. அவளுக்கு ஏதும் கஷ்டம் வந்தால் அது என்னால்தான், அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. அவளை நீ பார்த்துக்கொள். ஊரில் சிலர் என்னைக் கண்டால் ஒதுங்குகிறார்கள், சிலர் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரிக்கிறார்கள். போன வாரம் அன்பியக் கூட்டத்தை நம் வீட்டில் வைக்கவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். கடற்கரை ஓரத்துக் கடைசி வீட்டில் வைத்தார்கள். நடந்து போனேன். பாதி ஜெபத்தில் எழுந்து ஓடத் தோன்றியது. இருந்தேன்.

அடுத்தது பஸ். ஷைனி கூட வரக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நினைக்கும்போதே உள்ளங்கை வியர்க்கிறது, பேனா வழுக்குகிறது. நான் இன்னும் குணமாகவில்லை, அம்மை. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் என்னை யார் வெளியே கூட்டிக்கொண்டு போவார்கள் என்று நீ கேட்டாய் அல்லவா? நான் கூட்டிக்கொண்டு போகிறேன். வருகிற திங்கட்கிழமை, சந்தைக்குப் போகும் காலை பஸ்ஸில், கூட்டத்தோடு கூட்டமாக ஏறுவேன். பயம் வரும். வந்தாலும் திங்கள்சந்தை வரும் வரைக்கும் இறங்கமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
இரண்டு காலிலும் நடந்து வரும் உன் மூத்த மகள்,
ஸ்டெல்லா